ஜுலேகா ஆன்ட்டி கராஜை மூடவில்லை

செய்தி மின்னஞ்சலில் வந்தது. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டு படித்தேன். "அமைதியே உருவான, யாரிடமும் அதிர்ந்து பேசாத நம் ஜுலேகா டீச்சர் நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று பார்சிப்பனித் தமிழ் வகுப்புக் கமிட்டி எல்லோருக்கும் அனுப்பியிருந்தது. இனி ஆண்டுதோறும் சிறந்த மாணவருக்கு அவர் பெயரில் பரிசு என்று கீழே ஓர் அறிவிப்பு வேறு. எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. என் ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

அதிர்ந்து பேசாதவரா? ஆன்ட்டி சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நான்கு வரி எழுதித் தரும்படி அவருடைய மகன் அனீஸ் கேட்டான். நான்கு வரியில் அடங்கவில்லை. அதனால் அந்த மின்னஞ்சலுக்கே பதிலாக உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன், படித்துத்தான் ஆக வேண்டும்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, நெஞ்சில் பெயர்ப்பட்டை, கூட ஒரு வெள்ளைக்காரப் பையன். மதம் பரப்ப உங்கள் கதவுகளைத் தட்டிய, மார்மன் என்ற கிறிஸ்தவ சபைப் பையன் நான்தான். கோயம்புத்தூரில் அப்பா அந்தச் சபையில் சேர்ந்தபோது நான் கைக்குழந்தை. இருபது வயதில் என்னை ஊழியத்துக்கு நியூ ஜெர்சி அனுப்பினார்கள். புதிதாக வருகிறவனை முதல் சில மாதங்கள் அனுபவம் உள்ள ஒருவனோடு சேர்த்துவிடுவார்கள். அதுதான் பயிற்சி. எனக்கு வாய்த்தவன் ஐடஹோக்காரன் ஹேன்சன், என்னைவிட ஒரு வயது பெரியவன். எங்கள் இருவரையும் 'எல்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். அதாவது மூத்தவர். மீசை ஒழுங்காக முளைக்காத இரண்டு மூத்தவர்கள்.

விதிகள் நிறைய. ஒருவனை விட்டு ஒருவன் பிரியக் கூடாது. டீ, காப்பி கூடாது. அம்மாவோடு ஃபோனில் பேச ஆண்டுக்கு இரண்டு நாள்தான். ஆண் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அமெரிக்கர்கள் 'நோ தேங்க்ஸ்' என்று கதவைச் சாத்துவார்கள். நம்மவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் வேறு மாதிரி சாத்துவார்கள். "வெக்கமா இல்ல? நம்ம ஊர்ப் பையன் இப்படி வீடு வீடா அலையறியே!" என்று ஒருவர் படியிறங்கி வந்து துரத்தினார். இரங்கல் கூட்டத்தில் அவர் முன்வரிசையில் இருப்பார்.

ஜுலேகா ஆன்ட்டி சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். வெளியே அக்டோபர் மழை.

"அங்கிள் ஆபீஸ் போயிருக்காரு. உள்ள விட முடியாது."

"எங்களுக்கும் அதே ரூல்தான் ஆன்ட்டி. நீங்க கூப்பிட்டாலும் உள்ள வரக் கூடாது."

"அப்புறம் எதுக்குடா கதவத் தட்டுன?"

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் திரும்பி நடக்கையில் கராஜ் கதவு மேலே ஏறியது. ஆன்ட்டி இரண்டு மடக்கு நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தார். "இது வீடும் இல்ல, ரோடும் இல்ல. போற வர்றவங்க எல்லாரும் பாக்கலாம். உக்காருங்க" என்றார். டீ கொண்டுவந்தார். வேண்டாம் என்றோம். "டீ கூட குடிக்க விடாத மதத்துக்கு எவன்டா வருவான்?" என்று கத்திவிட்டு, அதை ஹேன்சனுக்கு மொழிபெயர்க்கவும் சொன்னார். அப்புறம் சுக்குத் தண்ணீர் வந்தது.

அதிலிருந்து வாரா வாரம் போனோம். நாங்கள் பாடம் சொல்வோம். ஆன்ட்டி குறுக்கிடாமல் கேட்பார். முடிந்ததும், "கேட்டேன். ஒத்துக்கல. சாப்பிடு" என்பார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகமே மாறிவிடும். விசாவினால் வேலைக்குப் போக முடியாத காலத்தில் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் அவர் ஆரம்பித்த வகுப்பு அது. பிறகுதான் கமிட்டி, வாடகை ஹால் எல்லாம் வந்தது. அவருக்குச் சம்பளமும் இல்லை, பட்டமும் இல்லை. அந்தப் பிள்ளைகள்தான் எல்லாம்.

நவம்பரில் ரமலான் வந்தது. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உண்ணாமல் இருப்போம். "மூணு பேரும் பட்டினி. சேர்ந்தே திறப்போம், வாங்க" என்றார் ஆன்ட்டி. வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஹேன்சன் தன் ஊர் வழக்கப்படி ஒரு கிண்ணம் நிறையப் பச்சை ஜெல்லி செய்து எடுத்து வந்தான். எதில் செய்தது என்று கேட்டதற்கு, "ஜெலட்டின்" என்று பெருமையாகச் சொன்னான்.

"அடப்பாவி! அது பன்னித் தோல்லேந்து எடுக்கறதுடா. நோன்பு திறக்கற நேரத்துல கொண்டாந்து வெச்சிருக்கான் பாரு!"

ஹேன்சனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆன்ட்டி கிண்ணத்தை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். அவன் கையில் நோன்புக் கஞ்சியைக் கொடுத்தார். "தெரியாமப் பண்ணிட்டான். அதுக்கு எதுக்கு அழறான்? குடிக்கச் சொல்லு" என்றார். எதிர்வீட்டு வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்த ஒரு மாணவியின் அம்மா, ஆன்ட்டி கத்தியதில் 'பன்னி' என்பதை மட்டும் கேட்டார், அந்தக் கிண்ணத்தை மட்டும் பார்த்தார்.

ஒரு வாரத்தில் கதை ஊரெல்லாம் சுற்றிவிட்டது. பாதிரிப் பசங்களோடு உட்கார்ந்து டீச்சர் பன்றி சாப்பிட்டார் என்று ஒரு வீட்டில். டீச்சர் மதம் மாறிவிட்டார், பிள்ளைகளையும் மாற்றிவிடுவார் என்று இன்னொரு வீட்டில். முஸ்லிம் வீட்டார் ஒரு காரணம் சொன்னீர்கள், இந்து வீட்டார் வேறு காரணம் சொன்னீர்கள். அவரை நீக்குவதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தீர்கள்.

கமிட்டித் தலைவர் நேரிலேயே வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். நாங்கள் கராஜில் உட்கார்ந்திருந்தோம்.

"டீச்சர், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பேரன்ட்ஸ் பயப்படறாங்க. இந்தப் பசங்கள இனிமே வர வேணாம்னு சொல்லி கராஜ மூடிடுங்க. கிளாஸ் உங்ககிட்டயே இருக்கட்டும். சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தானே?"

நாங்கள் எழுந்தோம். "உக்காருடா" என்று ஆன்ட்டி அதட்டினார். தலைவரிடம் திரும்பினார்.

"இவனுங்க என்னை மாத்தத்தான் வர்றானுங்க. எனக்குத் தெரியும். மாற மாட்டேன்னும் எனக்குத் தெரியும். உங்களுக்கு எதுக்கு சார் பயம்?"

"அப்ப கிளாஸ்?"

"பசங்க வந்தா சொல்லித் தருவேன். என் வீட்டுக்கு யார் வரணும்னு நீங்க வோட்டு போடக் கூடாது."

அடுத்த சனிக்கிழமை அவர் போனபோது அவர் இடத்தில் வேறொருவர் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் மட்டும், "டீச்சர், ஆர் யூ சிக்?" என்று கேட்டாளாம். இதைச் சொல்லிவிட்டு ஆன்ட்டி சீறினார்: "பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து உக்காந்திருந்த ஒரு பொம்பளையும் என் முகத்தப் பாக்கலடா."

என்னை வேறு ஊருக்கு மாற்றியபோது விடைபெறப் போனேன். எங்களால்தான் உங்களுக்கு இப்படி ஆனது என்று கண் கலங்கினேன். ஆன்ட்டிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அழாத. நீ அழுதா அவங்க உன்னைத் தட்டிக் குடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. கோபப்படு. அப்பத்தான் யாராவது யோசிப்பாங்க" என்றார்.

ஊழியம் முடிந்து ஊருக்குப் போய், வேலை கிடைத்து மறுபடி நியூ ஜெர்சிக்கே, வெஸ்ட் வின்ட்சருக்கு, வந்த பிறகும் அவரை அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தேன். நான் இன்றும் என் சபையில்தான் இருக்கிறேன். ஆன்ட்டி கடைசி வரை ஐந்து வேளை தொழுதார். யாரும் யாரையும் மாற்றவில்லை. அந்த வகுப்புக்குத் திரும்ப வரச் சொல்லி ஒருவரும் அவரைக் கூப்பிடவும் இல்லை. மருத்துவமனையில் கிடந்தபோதும் உங்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று அனீஸ் சொன்னான். இப்போது பரிசு கொடுக்கிறீர்கள்.

கொடுங்கள். தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் மேடையில் அவர் பெயரை வாசிக்கிறவர், அவர் ஏன் வகுப்பை இழந்தார் என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

கூட்டத்துக்கு வருவேன். அனீஸ் பக்கத்தில் உட்காருவேன். யாரும் வந்து என் தோளைத் தட்ட வேண்டாம். ஆன்ட்டி எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அவருடைய கோபம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.