கார்னெட்டின் கை

ஐஸ் ஹாக்கி அரங்கில் என் சிற்றுண்டிச் சன்னலுக்கு முன்னால் யாராவது வரிசையில் இடைபுகுந்தால் கார்னெட் ஃப்ரீசனின் இடது கை தானாக மேலே நீண்டுவிடும். புகுந்தவர் திரும்பிப் பார்ப்பார். "மன்னிச்சுக்கப்பா, பழக்கம்" என்பார் கார்னெட். கை மட்டும் இறங்காது. அந்த ஆள் தானாகப் பின்னால் போய்விடுவார்.

சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் ஐஸ் ஹாக்கியில் அவர் நடுவர். ஒருவன் தவறு செய்தால் நடுவர் கையைத் தூக்க வேண்டும். பந்துக்குப் பதிலாக உருளும் ரப்பர் வட்டைத் தவறு செய்த அணியின் மட்டை தொட்டதும்தான் விசில். அதுவரை ஆட்டம் ஓடும், கை நிற்கும். பிறகு தவறு செய்தவன் இரண்டு நிமிடம் ஓரத்துக் கூண்டில் உட்கார வேண்டும், அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும்.

ஆட்டத்துக்கு முன் என்னிடம் வெள்ளரி ஊறவைத்த உப்புத்தண்ணீர் ஒரு குவளை குடிப்பார். காலில் சதை பிடிக்காதாம். "யோவ் குருடா, உனக்கு வழி காட்டுற நாயை எங்கய்யா காணோம்?" என்று கூட்டம் கத்தும். "அதுக்கு ஹாக்கி புடிக்காதுப்பா" என்று வணங்கிவிட்டுச் சறுக்கிக்கொண்டு போவார்.

போன மாதம் கோஸ்டியுக் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். லாரி விற்கிறவர், எங்கள் ஊர் அணியின் முதலாளி.

"கார்னெட்டு, இன்னைக்கு டிவில காட்டுறாங்க. சனம் வர்றதே நம்ம கோல்ட்டனைப் பாக்கத்தான். கடைசி நேரத்துல அவனைத் தூக்கிக் கூண்டுல போட்டுறாத. இறுதி ஆட்டத்துக்கு யார் நடுவர்னு நாங்க இன்னும் பேசி முடிக்கல, பாத்துக்க."

கார்னெட் ஓர் இறுதி ஆட்டத்திலும் நின்றதில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, அடுத்த குளிருக்கு அவர் சறுக்கப்போவதில்லை. உப்புத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

ஆட்டம் சமநிலையில். கடைசி நிமிடத்தில் எங்கள் ஊர் நடுவர்கள் கூரையைப் பார்ப்பது வழக்கம். கோல்ட்டன் மட்டையால் ஒருவன் காலை வாரினான். கார்னெட்டின் கை எழுந்தது. கோல்ட்டன் கூண்டுக்குப் போனான், நாங்கள் தோற்றோம். பாப்கார்ன் மழையாகக் கொட்டியது.

"அந்தக் கைய வெட்டிப் போடணும்யா!" என்று கோஸ்டியுக் கத்தினார்.

"இன்னொண்ணு இருக்கே சார்."

இறுதி ஆட்டத்துக்கு வேறொருவரைப் போட்டார்கள். சேதி தெரிந்து கார்னெட் வந்தபோது குவளையில் ஒரு வெள்ளரியையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். "என்னம்மா மார்லீன், எழவு வீட்டுக்கு வந்த மாதிரி பாக்குற? இந்தத் தடவை உக்காந்து தின்னுக்கிட்டே பாப்பேன்ல!"

சொன்னபடி வந்தார். கடுகுச் சாறு வழிய ஒரு ஹாட்டாக் வாங்கிக்கொண்டு, அன்று பாப்கார்ன் எறிந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்தார். கடைசி நிமிடத்தில் கோல்ட்டன் மறுபடியும் ஒருவனை வாரிவிட்டான். புது நடுவர் கூரையைப் பார்த்தார்.

கார்னெட்டின் கை ஹாட்டாக்கோடு மேலே போனது.

"இறக்குய்யா, இன்னைக்கு நீ நடுவர் இல்ல!" சுற்றிலும் சிரிப்பு. கடுகுச் சாறு முழங்கை வரை இறங்கியது. அவர் வட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எதிரணியின் மட்டைகளில் சுற்றிச் சுற்றி, கடைசியில் எங்கள் ஆள் ஒருவனின் மட்டையில் பட்டது.

அப்போதுதான் கையை இறக்கி, ஒரு கடி கடித்தார்.