புஷ்பபாயும் மூன்று பூச்சு வெள்ளையும்

பாறசாலைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டு நின்றபோதுதான் முதலில் கேள்விப்பட்டேன். ஆரியங்கோட்டுக்கு உள்ளே ஒரு பழைய மிஷன் பங்களாச் சுவரில் செத்துப்போனவர்களின் பெயர்கள் தானாக எழும்பி வருகின்றனவாம். வெள்ளையடித்தால் இரண்டு வாரம் அடங்கியிருக்குமாம், பிறகு மறுபடியும் வருமாம். நெய்யாற்றின்கரை போய்ச் சேருவதற்குள் அதே சுவரில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் முகமும் சேர்ந்துவிட்டது. அந்த முகம் அழுததாகத் திருப்புறத்துக்காரர் ஒருவர் சொன்னார். எந்தக் கண்ணில் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டதென்று ஏறிப் போய்விட்டார்.

நேரில் போய்ப் பார்த்தேன். முகம் இல்லை. பெயர்கள் இருந்தன. சடையன், நீலி, ஈச்சி, காளி என்று மொத்தம் பத்தொன்பது, வெள்ளைக்கு அடியிலிருந்து பழுப்பாகத் தெரிந்தன. தொட்டு மோந்து பார்த்தேன். தார். மழைக்காலத்தில் பால் வெட்டில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை ஒட்டுகிற அதே தார். வெயில் பட்டால் எத்தனை பூச்சுக்கு அடியிலிருந்தும் அது கசிந்து மேலே வரும். பங்களா இப்போது ஊர்ச் சபைக்குச் சொந்தம், சபைக் கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேருக்கும் ரப்பர் உண்டு. அந்த ஏழு பேரும் கூடி, ஜெபித்து, தீர்மானம் போட்டு, மூன்று முறை வெள்ளையடித்திருக்கிறார்கள்.

தார் யாருடையது என்று விசாரித்தேன்.

“எனக்க டின்னாக்கும்,” என்றார் புஷ்பபாய், பால் வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் மரத்திலிருந்து கையை எடுக்காமல்.

ஐம்பத்து மூன்று வயது. விடிந்ததும் இருநூற்றெண்பது மரம் பால் வெட்டுகிறார். சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தையும் ஆண்டு விழா நாடகத்தையும் இருபத்திரண்டு வருடமாக எழுதுவதும் அவர்தான். ஒரு மரத்துக்கு ஒரு வரி என்பது கணக்கு. கத்தி பட்டையைச் சுற்றி வந்து நிற்கும்போது வரியும் நிற்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் வரி இல்லை. அதனால் மழை அதிகம் பெய்த வருடங்களில் ஏசு சீக்கிரமே பிறந்துவிடுவார். அவருடைய நாடகங்களில் நல்லவர்கள் தமிழ் பேசுவார்கள், ஏரோது மலையாளம் பேசுவான். இதற்கு ஆட்சேபம் வந்த வருடம் ஏரோதுக்குத் தமிழ் கொடுத்து, தேவதூதனை மலையாளத்துக்கு மாற்றினார். அதற்கும் ஆட்சேபம் வந்தது.

டின்னை எடுத்துப் போனவன் ஜெனில், பதினாறு வயது, பிளஸ் ஒன் மாணவன். சபையின் நூற்றைம்பதாவது ஆண்டு மலருக்காகப் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் போனில் படம் பிடிக்கும் வேலையை அவனிடம் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு வரிசைகளைக் கண்டான், பழைய பெயர், புதிய பெயர். சடையன் ஹம்ப்ரி ஆகியிருந்தான். நீலி ஷார்லட் ஆகியிருந்தாள். கடலுக்கு அப்பாலிருந்து மிஷனுக்குக் காசு அனுப்பிய புண்ணியவான்களின் பெயர்களாம் அவை. பங்களாவுக்குக் கல் சுமந்தவர்களோ, பெயர் மாறிய இந்தச் சடையனும் நீலியும் மற்றவர்களும்தான். மலரில் புதிய பெயர்கள் மட்டும் அச்சாயின. மற்றவை எங்கே என்று பையன் கேட்டிருக்கிறான். கமிட்டி செகரட்டரி ஈசாக், ஓய்வுபெற்ற ஆசிரியர். “அந்தப் பேரெல்லாம் இப்ப எதுக்குலே?” என்றிருக்கிறார். மறுநாள் பட்டப்பகலில், பங்களாவைக் கட்டி ஞானஸ்நானமும் கொடுத்த துரையின் பெயர் வெட்டிய கல்லுக்கு நேர் கீழே, ஜெனில் தாரைத் தொட்டு எழுத ஆரம்பித்தான்.

செகரட்டரி புகார் கொடுத்தார். விஷயம் சிறார் நீதி வாரியம் வரை போனது. பையன் மன்னிப்புக் கேட்டு, புகார்க்காரருக்கும் திருப்தியானால் எச்சரித்து முடித்துவிடலாம் என்றார்கள். இல்லாவிட்டால் வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும், பள்ளிக்கூடமும் போகும். ஆண்டு விழா அன்று சபைக்கு முன்னால் நின்று மன்னிப்பு வாசிக்க வேண்டும் என்றார் ஈசாக் சார்.

“நான் வாசிக்கமாட்டேன் மாமி,” என்றான் ஜெனில், புஷ்பபாயிடம்.

“எழுதினதை வாசிப்பியா?”

“ஆரு எழுதினது?”

“நான் எழுதித் தாறேன். மக்கா, நீ தொண்டையை மட்டும் பாத்துக்கோ.”

மன்னிப்பை ஆண்டு விழா நாடகத்தின் கடைசிக் காட்சியாக வைக்கிறேன் என்று புஷ்பபாய் சொன்னதும் கமிட்டி ஒப்புக்கொண்டது. பிரதியை யாரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவருடைய ஆண்டு விழா நாடகத்தில் வேதாகமத்துக் கெட்ட குமாரன் அப்பாவிடம் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கிறான், இந்த வருடம் மட்டும் எங்கே போய்விடுவான்?

ஆண்டு விழா அன்று பங்களாவுக்கு முன்னால் மேடை போட்டிருந்தார்கள். மூன்றாம் பூச்சும் தோற்றுப்போன சுவர் பின்னால் இருந்தது. ஜெனில் வந்து சபைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றான்.

ஹம்ப்ரி ஆன சடையா, பொறுத்துக்கொள்.
கல் சுமந்த கழுத்து உனது.
கல்லில் கிடக்கும் பேர் துரையினது.
உன் பேரை நான் கோணலாய் எழுதினேன்.
பிந்தி வந்தது என் குற்றம்.

ஷார்லட் ஆன நீலி, பொறுத்துக்கொள்.
புதுப் பேரில் விளித்தபோது
ஆரையோ என்று நின்றவள் நீ.
நீலி என்று நான் விளிக்கிறேன்.
பிந்தி வந்தது என் குற்றம்.

முன்வரிசையில் ஈசாக் சாரின் குரல் கேட்டது. “இது என்ன மன்னிப்பு?”

மேடை ஓரத்திலிருந்து புஷ்பபாய் பதில் சொன்னார். “கேக்கச் சொன்னிய, கேக்கான். ஆருகிட்டேன்னு சார் எழுதித் தரல்லியே.”

அடுத்து நடந்ததை யாரும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. வருடாந்திர நினைவு ஆராதனையில் இறந்தவர் பெயரை வாசித்தால் அந்த வீட்டார் எழுந்து நிற்பது இந்தச் சபையின் பழக்கம். ஈச்சியின் பெயர் புதுப் பெயரோடு சேர்ந்து வந்ததும் சபையாரில் ஒருவரான பொன்னுதாஸ் எழுந்தார். எழுந்த பிறகுதான் எழுந்தது அவருக்கே தெரிந்தது போலிருந்தது. “எங்க ஆளாக்கும்,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். புஷ்பபாயின் அப்பாவுக்கும் சடையன் வழியில் வந்த ஹம்ப்ரி என்ற பெயர்தான், புஷ்பபாயும் மேடை ஓரத்தில் நின்றார். பத்தொன்பதாவது பெயருக்குப் பிறகு உட்கார்ந்திருந்தவர் ஈசாக் சார் ஒருவரே.

கூட்டம் கலைந்ததும் அவர் மேடைக்குப் பின்னால் வந்தார்.

“எலே, எங்க பூட்டன் எட்வினை ஏன் விட்டே?”

“பதிவேட்டுல அவருக்க பழைய பேரு இருந்த எடத்தைப் பூச்சி தின்னுட்டு சாரே. ஒண்ணும் தெரியல்ல,” என்றான் ஜெனில்.

“செகரட்டரி நானாக்கும். எனக்க வீட்டு ஆளு மட்டும் சுவர்ல இல்ல.”

“சுவர்ல பேரு எழுதினது குற்றம்னு சொன்னதும் சாராக்கும்,” என்றார் புஷ்பபாய்.

சார் சுவரிலிருந்த பெயர்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு, பெயரைக் கண்டுபிடித்துத் தருவதாகப் புஷ்பபாய் வாக்குக் கொடுத்தால் புகாரை விடுகிறேன் என்றார். புஷ்பபாய் வாக்குக் கொடுத்தார். திங்கட்கிழமை வாரியத்துக்கு ஈசாக் சாரின் கடிதம் போனது. ஜெனிலை எச்சரித்து அனுப்பினார்கள். கமிட்டி நான்காவது பூச்சைப் பற்றிப் பேசவில்லை.

எட்வினின் பழைய பெயர் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அம்பூரி வரை போய் இரண்டு சபைகளின் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறார் புஷ்பபாய். அந்தக் காலத்துப் பெயர் ஏதாவது ஒன்றைப் போட்டு முடித்துவிடலாமே என்றேன். அவர் கத்தியைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அதைத்தான் துரையும் செய்தாரு.”

புஷ்பபாய் மரத்தடியில் வைத்திருக்கும் டின்னின் அடியில் இன்னும் ஒரு பெயருக்குப் போதுமான தார் இருக்கிறது. ஈசாக் சார் இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்த வழியாக நடக்க வருகிறார். மூடியைத் திறந்து பார்க்கிறார், மூடிவிட்டுப் போகிறார்.