பச்சைமலைக் காளானில் ஒரு கறை

அந்தக் கறைக்கு நான் கலந்த நிறம் இன்னும் நினைவில் இருக்கிறது. காவிக் கட்டியை நன்றாக இழைத்து, அதில் துளி மஞ்சள் விட்டு, கடைசியாகத் தூரிகை நுனியால் கொஞ்சம் கறுப்பைத் தொட்டுச் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் கதவில் அடித்த இரும்பாணியைச் சுற்றி மரத்தில் ஊறி இறங்கும் துரு இருக்கிறதே, அந்தச் சிவப்பு. வெட்டிய காளானின் வெளிறிய சதையில் அது வந்துவிடாது உடனே. எங்கள் தாவர சாஸ்திரப் புரொபசர் கத்தியைக் கீழே வைத்து, சதையை விரலால் அழுத்திப் பார்த்து, நிமிர்ந்து உட்காருவார். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு விரல் பட்ட இடத்தில் மெல்லத் தலைகாட்டி, ஓரம் கலங்கிப் பரவும். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் ஒரு பிள்ளையின் சந்தோஷம் தெரியும். மற்ற நேரத்தில் அந்த மனிதரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவருக்கும் என்னைப் பார்த்தால் அப்படித்தான்.

நான் உறையூர்க்காரன். கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவன். தூரிகை பிடிக்க யாரும் கற்றுத் தரவில்லை. ஊரில் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் நான் படித்த படிப்பு. யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்பு திருச்சியில் ஒரு கல்லூரியின் தாவர சாஸ்திர இலாகாவில் என்னைக் கூப்பிட்டார்கள். காளானைப் படமெழுதுகிற வேலை. அதுவும் எல்லாக் காளானும் இல்லை, துளைக்காளான். சாதாரணக் காளானைக் கவிழ்த்துப் பார்த்தால் குடைக்குக் கீழே பனையோலை விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். துளைக்காளானில் மடிப்பு கிடையாது. ஊசியால் நெருக்கமாகக் குத்தி வைத்ததுபோல் துளைகள். கனத்த சதை, அழுத்தினால் பன் மாதிரி அமுங்கும். ஒன்றை வெட்டினால் நீலமாகும், இன்னொன்று சிவக்கும், வேறொன்று எத்தனை நேரமானாலும் அப்படியே கிடக்கும். எந்த இனம் என்று சொல்ல அந்த நிறம் பெரிய சாட்சி. அதற்கப்புறம் துளையின் வாய் வட்டமா கோணலா, தண்டில் வலைப் பின்னல் உண்டா, குடையைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்தால் உதிர்கிற தூள் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கடைசியில் கரியடுப்புக்கு மேலே கம்பி வலையில் காயவைத்துவிடுவார்கள். காய்ந்த பிறகு எல்லாம் பழைய செருப்புத் தோல்தான், எதற்கும் எந்த நிறமும் மிஞ்சாது. அதற்குள் நான் எழுதி முடித்தாக வேண்டும்.

புரொபசர் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர். நெற்றியில் திருமண், தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளி வெற்றிலைச் செல்லம் இருக்கும். வாய் சிவக்காமல் நான் அவரைப் பார்த்தது அபூர்வம். அவர் அகத்தில் காளான் சமையலறை வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. வேண்டாத பண்டங்களில் முதல் வரிசை அது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் ஆயுசு முழுவதையும் காளானுக்கே கொடுத்திருந்தார் என்றால் தெரு சும்மா இருக்குமா? சாயங்காலம் காவேரியில் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். அப்படியும் அவருடைய வண்டி திரும்பும்போது, "காளானாழ்வார் எழுந்தருள்றார், வழி விடுங்கோ" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்களாம். அவரை ஏற்றி வரும் ஜட்காக்காரர்தான் எங்களிடம் சொல்வார். தெருவில் பட்டதையெல்லாம் பாலம் தாண்டிக் கொண்டுவந்து புரொபசர் எங்கள் தலையில் கொட்டுவதையும் அவர் பார்த்திருந்தார். "அங்க மொத்தமா வாங்குறாரு, இங்க சில்லறையா விக்கிறாரு" என்பார்.

சில்லறையில் என் பங்குக்குக் குறைவில்லை. வர்ணம் அடிக்கிறவன் என்பதுதான் எனக்கு அங்கே பெயர். மாதிரிகளைத் தொடக் கூடாது, ஒரு கை தள்ளி உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும் என்று சட்டம். ஒருநாள் தண்டின் நிழலைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் என்று, "இது பொகையிலைக் கடை போர்டு இல்லைடா" என்றார். புகையிலைக் கடைக்காரர் இவ்வளவு திட்டுகிறவர் இல்லைங்க என்று நானும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு என்னிடம் பேச வேண்டியதைக்கூட மேஜையைப் பார்த்துத்தான் பேசுவார்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் டெமான்ஸ்டிரேட்டர், மாணவர்களுக்குச் செய்முறை காட்டுகிறவர். காட்டூர்க்காரர், விவசாயக் குடும்பம். வெற்றிலை பாக்கு, மூக்குப்பொடி ஒன்றும் கிடையாது. வெளியில் சாப்பிடாத புரொபசர் மலை ஏற முடியாது என்பதால், மழை விட்டதும் துறையூர் வழியாகப் பச்சைமலைக்குப் போய், ஈர இலையில் பொதிந்து, நசுங்காமல் கூடையில் காளான் கொண்டுவருவது அவர்தான். அவர் வேலை அப்போது தற்காலிகம். புரொபசர் ஒரு வார்த்தை சொன்னால் நிரந்தரமாகும். ஆனால் நிரந்தரமாகிவிட்டது என்று சொல்லித்தான் பெண் பார்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். "எங்க மாமனார் ஊர் பூரா சொல்லிட்டாருங்க. இனிமே எனக்குப் பர்மனெண்ட் ஆகலைன்னா அவருதான் ஊரை விட்டுப் போகணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பில் பாதிக்கு மேல் பயம்.

அந்த வருஷம் அவர் கொண்டுவந்த ஒரு காளானில்தான் துருச் சிவப்புக் கறை வந்தது. கரும்பழுப்புக் குடை, மஞ்சள் துளை, தடித்த தண்டு. இந்த மாதிரிக் கறை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று புரொபசர் அலமாரி அலமாரியாகத் தேடிப் பார்த்து முடிவு கட்டினார். லத்தீனில் ஒரு பெயரும் வைத்தார். சென்னையில் பண்டிதர்கள் கூட்டத்துக்குப் போய் என் படத்தைத் தூக்கிக் காட்டிப் பேசிவிட்டு வந்தார். அங்கே ஒரு பெரியவர், உங்களைத் தவிர வேறு யார் இதைப் பார்த்தது என்று கேட்டிருக்கிறார். என் அசிஸ்டெண்ட் பார்த்திருக்கிறான் என்று இவர் சொல்லிவிட்டார். வந்த கையோடு டெமான்ஸ்டிரேட்டரைக் கூப்பிட்டு, நானும் வெட்டிப் பார்த்தேன், மாறியது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

டெமான்ஸ்டிரேட்டர் மெதுவாக, "நான் வெட்டினா மாறலையே சார்" என்றார்.

"உம்ம கண்ணுல மாறலை ஓய்."

"காளான்ல மாறலை சார்."

அன்றிலிருந்து அந்த அறையில் யாரும் நிம்மதியாக மூச்சுவிடவில்லை. புரொபசர் வெட்டினால் கறை வரும். அதே கூடையிலிருந்து இவர் எடுத்து வெட்டினால் தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுப்பாகவே கிடக்கும். கத்தி மொண்ணை என்றார் புரொபசர், பழசைப் பொறுக்கி எடுக்கிறான் என்றார், கடைசியில் வேண்டுமென்றே கெடுக்கிறான் என்றார். காட்டூரில் கத்திரிக்காய் நறுக்கப் போகலாமே என்று மாணவர்கள் காதுபடச் சொன்னார். அப்படியும் அந்த மனிதர், பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதவே இல்லை. ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். "எழுதிட்டா நாளைக்கு வேற யாரோ மலையில இதைத் தேடி அலைவாங்க. இல்லாத ஒண்ணைத் தேடி" என்றார்.

ஐப்பசி மழையில் மறுபடி மலையேறி ஒரு கூடை கொண்டுவந்தார். மறுநாள் காலையில் புரொபசர் எங்கள் இருவரையும் எதிரில் நிறுத்தி, இப்போது காட்டுகிறேன் என்று தாமே வெட்டினார். அழுத்தினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொன்று வெட்டினார். அதிலும் இல்லை. கூடையில் பாதி காலியாயிற்று. மேஜை முழுக்க வெளுத்த துண்டுகள். கத்தியை வீசி எறிந்தார். "மாத்திட்டீர். என்னை அவமானப்படுத்தணும்னு வேற எதையோ பொறுக்கிண்டு வந்திருக்கீர்."

டெமான்ஸ்டிரேட்டர் அந்தத் துண்டுகளைப் பார்த்தார். மூடிக் கிடந்த வெற்றிலைச் செல்லத்தைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இன்னிக்கு ஏகாதசிங்களா சார்?"

"இருந்தா?"

"தாம்பூலம் போட்டிருக்க மாட்டீங்க."

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, சுண்ணாம்பு இருக்கா என்று கேட்டார். நான் போடுகிறவன்தான், மடியில் சின்ன டப்பா இருந்தது. கொடுத்தேன். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு, கிடந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து அழுத்தினார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்லத் தலைகாட்டி, ஓரம் கலங்கிப் பரவியது, நான் அத்தனை படத்தில் எழுதிய அதே துருச் சிவப்பு.

இந்தத் தப்பை வேறு ஊரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று பின்னால் எனக்குத் தோன்றியது. புரொபசர் கை கழுவாதவர் அல்ல. எங்கள் எல்லாரையும்விட அதிகம் கழுவுகிறவர். ஆனால் காளானைத் தொட்ட பிறகுதான் கழுவுவார். தொடுவதற்கு முன்னால் கழுவ வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? தீட்டு காளானிலிருந்து கைக்கு வரும். கையிலிருந்து காளானுக்குப் போகும் என்று அவர் பிறந்த வீட்டில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. இலைக்குத் தடவியது போக விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத்தான் அத்தனை நாளும் ஒரு புது இனம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் தம் விரலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்காமலே, "ரெண்டு பேரும் வெளில போங்கோ" என்றார்.

அதோடு விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அன்றோடு வெற்றிலையை நிறுத்தினார். செல்லம் வீட்டுக்குப் போய்விட்டது. மழைக்காலம் முடியும்வரை டெமான்ஸ்டிரேட்டரை மலைக்கும் கல்லூரிக்குமாக விரட்டி, கூடை கூடையாக வரவழைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வெட்டினார். ஒன்றிலாவது கறை தானாக வந்துவிடாதா என்றுதான். சிவப்பில்லாத அவர் உதடுகளை அப்போதுதான் நாள் தவறாமல் பார்த்தேன். வேறு யாரோ மாதிரி இருந்தார். வெட்டிய ஒவ்வொரு துண்டும் வெளுப்பாகவே கிடக்கக் கிடக்க, டெமான்ஸ்டிரேட்டர் மேல் அவருக்கு இருந்த கோபம் கெட்டிப்பட்டுக்கொண்டே போயிற்று. இருந்தாலும், இத்தனை பாடுபட்டு உண்மையைத் தேடுகிறவர் கடைசியில் அதைச் சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன். மனிதர்களை நம்புவது எனக்குப் பழக்கம்.

மார்கழிக்கு முன்னால் கல்லூரி ஹாலில் ஒரு கூட்டம். ஆசிரியர்கள், மாணவர்கள், நிர்வாகத்தார் எல்லாரும் இருந்தார்கள். புரொபசர் எழுந்து, அந்தப் புது இனத்தின் பெயரைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். மலையிலிருந்து காளானைக் கொண்டுவந்தவர் கையில் சுண்ணாம்போ என்னவோ இருந்திருக்கிறது, அவர் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்றார். உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் டெமான்ஸ்டிரேட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். வெற்றிலையே போடாத மனிதர் எழுந்து நின்று, "கொண்டாந்தது என் கைதான் சார். வெட்டினது யார் கை?" என்று மட்டும் கேட்டார். பெரியவர்களிடம் பேசுகிற முறை தெரியவில்லை என்று முன் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். வருஷ முடிவில் வேலை நிரந்தரமாகவில்லை, நின்றுவிட்டது. மாமனார் ஊரை விட்டுப் போகவில்லை, இவர்தான் போனார். நானும் போர்டு எழுதத் திரும்பிவிட்டேன்.

பிறகு யுத்தம் வந்தது. அப்போது ஒருநாள் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக் கடை ஒன்றுக்கு ஏணியில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். கீழே யாரோ நிற்பது தெரிந்து பார்த்தேன். அவர்தான். ரிட்டயராகி, கோட்டு இல்லாமல், மேல்துண்டோடு, சுருங்கிப் போயிருந்தார். வாய் அப்போதும் வெளுப்புதான். டெமான்ஸ்டிரேட்டர் எங்கே இருக்கிறார், தெரியுமோ என்று கேட்டார். மரியாதையாகவே கேட்டார். வேறு ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கிறார், எனக்குத் தெரியும் என்றேன்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். விலாசம் குடு."

ஏணியை விட்டு இறங்கினேன். "அன்னிக்கு ஹால்ல எல்லார்கிட்டயும் சொன்னீங்க. இதையும் அங்கயே சொல்லுங்க. நானே போயி அவரைக் கூட்டிட்டு வரேன்."

"அது ஆகாதுப்பா" என்றார். துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோபுரப் பக்கமாக நடந்தார். விலாசத்தை நான் கொடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

டெமான்ஸ்டிரேட்டரைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். அவர் புரொபசரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காளானைத் திரும்ப யாராவது பார்த்தார்களா என்றுதான் கேட்டார். கறை இல்லாவிட்டாலும் அந்தத் துளையும் தூளும் எந்தப் புத்தகத்தோடும் சரியாகப் பொருந்தவில்லை, அது நிஜமாகவே புது இனமாக இருந்திருக்கலாம் என்றார். யாரும் பார்க்கவில்லை என்றேன். காயவைத்ததையெல்லாம் புரொபசர் ஹாலில் கூட்டம் முடிந்த அன்றைக்கே குப்பையில் போடச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் சண்டையில் அது பெயரில்லாமலே பச்சைமலையில் முளைத்து அழுகிக்கொண்டிருக்கிறது.

புரொபசர் காலமாகிவிட்டார். அதே ஹாலில் அவர் படத்தைத் திறந்து வைக்கப் போகிறார்கள். நினைவு மலர் ஒன்றும் போடுகிறார்களாம். அவரோடு வேலை பார்த்தவன் என்று என்னிடமும் நல்லதாக நாலு வரி கேட்டு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். தங்கமான பிள்ளைகள், மோர் கொடுத்து அனுப்பினேன். அந்த ஹாலில் சொல்லப்பட வேண்டிய வார்த்தை ஒன்று பாக்கி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நாலு வரிக்குப் பதிலாக இவ்வளவையும் எழுதிவிட்டேன். நீளம் என்று வெட்டுவதாக இருந்தால் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு இது ஒன்றை மட்டும் போடட்டும்: காளானைக் கொண்டுவந்தவர் கை சுத்தமாக இருந்தது.