வேலிக்கு வெளியே ஏழு நிலங்கள்

217 வாக்குகள். பண்டார் தெங்காரா பக்கத்துச் செம்பனை விவசாயி ராஜசேகரன் மலேசியாவின் ஜொகூர் மாநிலச் சட்டமன்றப் பதவியை இழந்தது அந்த வித்தியாசத்தில்தான்.

அவர் அரசியலுக்கு வந்ததே யானைகளால். அப்பா ஒரு தோட்டத்தில் கூலிக்குச் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த பணத்தில் ஆற்றோரம் வாங்கிய ஒன்பது ஏக்கர் அவருடையது. காட்டு யானைகள் வந்து இளங்கன்றுகளைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். ஒவ்வொரு முறையும் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு அரசு அலுவலகத்தின் முன்னால் போய் நிற்பார். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் கட்சி அவரை நிறுத்தியது. ஜெயித்து ‘ஒய்பி’ ஆனார்; சட்டமன்ற உறுப்பினரை ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். சட்டமன்றத்தில் மற்றவர்கள் நெடுஞ்சாலை பற்றிப் பேசினார்கள். இவர் யானை பற்றிப் பேசினார். ஏளனம் செய்தார்கள், ஆனாலும் மின்வேலிக்கு ஒப்புதல் கிடைத்தது.

வரைபடத்தில் வேலி ஆற்று வளைவில், அவருடைய நிலத்தில் தொடங்கியது. மறுநாளே வாட்சாப்பில் ஒரு செய்தி சுற்றியது: ‘ஒய்பி தன் தோட்டத்துக்கு அரசாங்கச் செலவில் வேலி போடுகிறார்.’

ராஜசேகரன் நேராகப் பொறியாளரிடம் போய், தன் நிலத்தை விட்டுவிடச் சொன்னார். ஒரு நிலத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போக முடியாது, விட்டால் வளைவில் உள்ள ஏழு நிலங்களையும் விட வேண்டும் என்றார் பொறியாளர்.

“விடுங்க. ரெண்டாவது கட்டத்துல பாத்துக்கலாம்,” என்றார் ராஜசேகரன். மற்ற ஆறு பேரை அவர் கேட்கவில்லை.

வேலி முடிந்தது. முன்பு எங்கெங்கோ நுழைந்த யானைகளுக்கு இப்போது ஆற்று வளைவு ஒன்றுதான் வழி. பழைய மரங்களை அழித்துப் புதுக்கன்று நட்டிருந்த வளைவுக்காரர் தனலெட்சுமியின் நான்கு ஏக்கரில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை. அவர் சேற்றுக்காலோடு ராஜசேகரனின் தொகுதிச் சேவை மையத்துக்கு வந்தார்.

“உங்க பேரு கெடக்கூடாதுன்னு எங்க நிலத்த விட்டுட்டீங்க. எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களாண்ணே?”

“ரெண்டாவது கட்டத்துல வந்துரும், தனம்.”

“அது யானைக்குத் தெரியுமா?”

“என் கன்னும்தாம்மா போச்சு.”

“உங்களுக்கு மாசம் பொறந்தா சட்டமன்றத்துச் சம்பளம் வருது. எனக்கு?”



தேர்தல் வந்தது. ஆற்றோரக் குடும்பங்களும் அவர்களுடைய உறவுகளும் அவருக்குப் போடவில்லை. வேலிக்குள் இருந்தவர்களுக்கோ யானையே மறந்துபோயிருந்தது. அவர்கள் சாலைக் குழிகளைப் பற்றிக் கேட்டார்கள்.

முடிவு வந்த மறுநாள் காலை, உணவகத்தில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரை அவர் முன்னால் வைத்துக்கொண்டே முதலாளி சயீத் சொன்னார்: “யானைக்கு ஓட்டு இருந்தா நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க லா, ஒய்பி.” கடையே சிரித்தது. ராஜசேகரனும் சிரித்துவைத்தார்.

தனலெட்சுமி நிலத்தை விற்றுவிட்டு, ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் தரை துடைக்கிறார். நிலத்தை வாங்கியவர் புதிய சட்டமன்ற உறுப்பினரின் மைத்துனர். இரண்டாவது கட்ட வேலி இந்த மாதம் அறிவிக்கப்பட்டது. ஆற்று வளைவு முழுவதும் அதற்குள் வருகிறது. வாட்சாப்பில் யாரும் எதுவும் எழுதவில்லை.

மைத்துனரின் நிலத்துக்குப் போகும் வழியில் ராஜசேகரனின் ஒன்பது ஏக்கர் இருக்கிறது. அளவெடுப்பவர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லி அவருக்குத் தகவல் வந்திருக்கிறது.