மூன்று நாள் அமைதி

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். லாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வேலைக்குப் போன என் வீட்டுக்காரர், மேலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். திருச்சி ஆஸ்பத்திரியில் இடுப்பு வரை மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் அசையக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குப் பணிவிடை, கைக்குழந்தை, மிச்ச நேரத்தில் தையல் மெஷின். மெஷின் மேலேயே தலை சாய்ந்து தூங்கிவிடுவேன். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு நின்றுபோனது. இரண்டு வாய் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. இவர் பிழைக்கவே நினைக்கவில்லையோ என்று பயந்து கிடந்தேன்.

பக்கத்து வீட்டில் கல்யாண பேண்டு வாத்தியக்காரர்கள் தினமும் காலையில் வாசித்துப் பழகுவார்கள். பூலாம்பாடியிலிருந்து பார்க்க வந்த என் நாத்தனார், "சீக்காளி கெடக்குற வூட்டுப் பக்கத்துல என்னா டமாரம் இது? போயி நிறுத்தச் சொல்ல மாட்டியா?" என்று திட்டினார். அந்நியரிடம் பேசவே கூசுகிறவள் நான். எப்படியோ போய்ச் சொல்லிவிட்டுத் தலை குனிந்து வந்துவிட்டேன். கிளாரிநெட் வாசிக்கும் பெரியவர், "தெரியாமப் போச்சு தாயி" என்றார். மறுநாளிலிருந்து சத்தமே இல்லை.

நல்ல காரியம் செய்ததாக நினைத்தேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் கஞ்சியைத் தொடவில்லை.

"பேண்டுக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்களா?"

பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. நடந்ததைச் சொன்னேன்.

"அந்தக் கிளாரிநெட்டு ஒரு எடத்துல தெனமும் வழுக்கும். இன்னிக்காவது சரியா வருதான்னு காத்துக் கெடப்பேன். அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நிறுத்திட்டியே."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தேடிப் போனேன். ஏரிக்கரை மரத்தடியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் டிரம் அடிப்பவர், "இங்கேருந்தும் கேக்குதாம்மா? இனிமே தண்ணிக்குள்ள எறங்கித்தான் வாசிக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. பெரியவர் மட்டும் வெட்கத்துடன் வாயைப் பொத்திக்கொண்டார். "புதுசா பல்லு கட்டியிருக்கேன் தாயி. அந்த எடத்துல காத்து ஓடிருது. யாரு கவனிக்கப் போறான்னு இருந்துட்டேன்."

மறுநாள் காலை எல்லோரும் எங்கள் வாசலிலேயே நின்று வாசித்தார்கள். அந்த இடம் வந்தது. வழுக்கியது.

"அவசரப்படாதீங்க. அங்க கொஞ்சம் மூச்சு வுட்டுட்டுப் போங்க" என்று கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"அப்ப நீங்களே வந்து வாசிங்க வாத்தியாரே" என்றார் டிரம்காரர்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். தெரு தெரியவில்லை, தலையணையை உயர்த்தி வை என்றார். அன்று ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். அன்று மத்தியானம் நான் பாய் விரித்துப் படுத்துத் தூங்கினேன்.

எலும்பு சேர இன்னும் பல மாதங்கள் ஆயின. இப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். மாவுக்கட்டு காலைத் திருப்பிக் கொடுத்தது. ஆளைத் திருப்பிக் கொடுத்தது எது என்று எனக்குத் தெரியும். நோயாளி இருக்கும் வீட்டில் யாராவது சத்தம் கூடாது என்று கையமர்த்தினால், 'படுத்திருப்பவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?' என்று கேட்காமல் இன்றும் என்னால் திரும்பி வர முடிவதில்லை.