மகள் வாசித்த நாலு சுரம்

தொண்ணூறுகளில் நான் லண்டன் இல்ஃபோர்டில் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டினேன். மகள் பள்ளிக்கூட இசைக்குழுவில் செல்லோ என்ற பெரிய வயலின் பழகினாள். முந்நூறு வருடத்துக்கு முந்திய பரோக் என்ற ஐரோப்பிய இசைப் பாணியில் ஒருவர் புதிதாக எழுதிய இசையை அவர்கள் மேடையில் வாசிக்க இருந்தார்கள். வீட்டில் அவள் ஒரே நாலு சுரத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

“உனக்கு இவ்வளவுதானோ?”

“ஓம் அப்பா. கடைசி வரைக்கும் இதுதான்.”

கறுத்த பிள்ளை என்று ஒதுக்கிவிட்டார்கள் என நினைத்தேன். நேரில் கேட்பதற்காக ஒத்திகைக்குப் போனேன்.

“சண்டை பிடிக்காதேங்கோ அப்பா,” என்றாள்.

நான் வாய் திறக்கும் முன்பே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாதியில் அவளுடைய தந்தி அறுந்தது. அந்த ஒரே செல்லோ நின்றதும் வயலின்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. பிறகு எல்லாம் நின்றன. அந்த இசையை எழுதிய மனிதரே எழும்பி வந்து அவளுக்குப் புதுத் தந்தி மாட்டினார். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “பாத்தீங்களே, நான் நிப்பாட்டினா எல்லாரும் நிப்பாட்டவேணும்.”

மறுபடி அந்த நாலு சுரம் தொடங்கியது. வயலின்கள் ஒவ்வொன்றாய் அதன்மேல் ஏறின. நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

அடுத்த நாளும் ஸ்டேஷனுக்கும் வீடுகளுக்குமாய் அதே நாலு தெருக்களில்தான் திரும்பத் திரும்ப ஓடினேன். ஏனோ அலுக்கவில்லை.