லவெல் ஸ்பைட் பெயரில் ஒரு மசோதா

லவெல் ஸ்பைட் இருபத்திரண்டு வயதில் அடுத்தவர் காட்டில் ஏழு பைன் மரங்களை வெட்டி விற்றார். இரண்டு வருடம் சிறையில் இருந்தார். வெளியே வந்த நாள் முதல் முப்பத்தெட்டு வருடமாக அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலச் சாலைகளில் மர லாரி ஓட்டுகிறார். வரி கட்டுகிறார். சர்ச்சுக்குத் தன் கையால் கூரை போட்டார், மகள் ரெனிட்டாவை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். ஓட்டு மட்டும் அவருக்குக் கிடையாது.

அவர் மனைவியின் தம்பி டுவைட், போதைமருந்து விற்று ஏழு வருடம் உள்ளே இருந்தவன். அவன் தேர்தல் தவறாமல் ஓட்டுப் போடுகிறான். எந்தக் குற்றம் செய்தால் ஆயுளுக்கும் ஓட்டுரிமை போகும் என்று, கறுப்பர்களை ஓட்டு வரிசையிலிருந்து விரட்டவென்றே 1890-இல் மாநில அரசியல் சட்டத்தில் எழுதிய பட்டியலில் திருட்டு இருக்கிறது, போதைமருந்து இல்லை.

"மரத்த விட்டுட்டு என்கூட சேர்ந்திருக்கலாம் அத்தான். ஓட்டாவது மிஞ்சியிருக்கும்," என்பான் டுவைட்.

"வாய மூடுடா," என்பார் லவெல். அவருக்குச் சிரிப்பு வராது.

உரிமை திரும்பக் கிடைக்க ஒரே வழிதான் அவருக்குத் தெரிந்தது. அவர் பெயரிலேயே ஒரு மசோதா வரவேண்டும். மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும். ரெனிட்டா பாதிரியாரிடமும் முதலாளியிடமும் நன்னடத்தைக் கடிதம் வாங்கினாள். தொகுதி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். கீழவையில் நிறைவேறியது. மேலவையில் அதை யாரும் தொடவே இல்லை.

கூட்டத்தொடரின் கடைசி நாள், லவெல் கோட்டு மாட்டிக்கொண்டு தலைநகர் ஜாக்சனுக்குப் போனார். மேலவை உறுப்பினர் ஒருவரின் அறை வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். கடைசியில் உதவியாளர் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"நேரமில்லாம போச்சு சார். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"என் பேர வேண்டாம்னு சொன்னாங்களா?"

"இல்ல சார். எடுத்துக்கவே இல்ல."

"மரம் வெட்டுனதுக்கு ரெண்டு வருஷம்னாரு ஜட்ஜு. சரின்னு போனேன். மிச்ச முப்பத்தெட்டு வருஷத்த எந்த ஜட்ஜு போட்டாரும்மா? பேர சொல்லு."

அவள் கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குனியாத. என் மூஞ்சியப் பாத்து சொல்லு."

காவலர் வந்து அவர் முழங்கையைப் பிடித்தார். லவெல் உதறிவிட்டுத் தானே நடந்தார்.

நவம்பரில் தன் வண்டியில் பதினோரு கிழவர் கிழவிகளை ஓட்டுச்சாவடிக்கு ஏற்றிப் போனார். அவர்கள் உள்ளே போனார்கள். அவர் வெளியே வண்டியில் உட்கார்ந்து, கை வலிக்கும்வரை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரெனிட்டாவிடம் சொன்னார்: "நம்ம தொகுதி மெம்பர்கிட்ட மசோதாவ திரும்பவும் போடச் சொல்லு. நான் சாகுற வரைக்கும் வருஷா வருஷம் போடட்டும். வேண்டாம்னா எந்திரிச்சு நின்னு என் பேரச் சொல்லி வேண்டாம்னு சொல்லட்டும்."

ஜனவரியில் மசோதா மறுபடி போனது. அந்த வருடமும் யாரும் அதை எடுக்கவில்லை.